தாழிக்குள் மண்கலம் உண்டு, கண்ணாடிக் கலம் ஏன் இல்லை?

கேள்வி: பாலியாற்றங்கரை

வணக்கம். பாலியாற்றுக்கு அண்மையிலுள்ள எங்கள் மேட்டுக்காணியில் கடந்த மாதம் கிணறு வெட்டத் தொடங்கியபோது, ஐந்தடி ஆழத்தில், முன்னோர் இறந்தவர்களின் எலும்புகளை இட்டுப் புதைத்த பெரிய மட்பானை போன்றதொரு பெருந்தாழியின் தோள்பகுதி வெளிப்பட்டது. மூடி உடைந்து உள்ளே விழுந்திருந்தது. அந்த இடுக்கில் எலும்புத் துண்டுகளும், உட்புறம் கருமையாகவும் வெளிப்புறம் சிவப்பாகவும் உள்ள ஒரு சிறு கிண்ணத்தின் விளிம்பும் தெரிந்ததால் வேலையை உடனே நிறுத்திவிட்டோம். வெளியே அள்ளிப் போட்ட மண்ணில், வெயிலில் வானவில்லின் நிறங்களைக் காட்டும் பச்சைக் கண்ணாடித் துண்டொன்றும் கிடைத்தது.

கிண்ணத்தின் கருமை அடுப்பேற்றியதால் படிந்த கரியா? உரோமர் புதைகுழிகளிலிருந்து எடுத்த சிறு கண்ணாடிக் குப்பிகளைப் படங்களில் கண்டிருக்கிறேன். என் கையிலுள்ள துண்டும் அத்தகைய குப்பியினுடையதாக இருக்கலாமா? யாரோ ஒருவரின் உறக்கத்தைக் கலைத்துவிட்டோமே என்று அம்மா பெரிதும் கலங்கியிருக்கிறார். அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையேன்.

மறுமொழி 1: ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், வவுனியா

தம்பி, வேலையை நிறுத்தியது மிகச் சரியான செயல்.

அந்தக் கருமை அடுப்புக்கரி அன்று. சூளையில் வந்த நிறம். கலங்களைக் கவிழ்த்து அடுக்கி, வாய்ப்பகுதி சாம்பலிலோ உமியிலோ புதைந்திருக்கும்படி வைத்துச் சுட்டால், காற்றுப் படும் வெளிப்புறத்தில் களிமண்ணிலுள்ள இரும்பு சிவக்கும். காற்றுப் புகாத உட்புறமும் விளிம்பும் கரியை உண்டு கறுத்துவிடும். கருஞ்சிவப்பு மட்கலம் என்று நாங்கள் அழைப்பது இதனைத்தான். அடுப்புக்கரியாக இருந்தால் அது கலத்தின் வெளியே, அடிப்பகுதியில் அல்லவா படிந்திருக்க வேண்டும்? தாழி பெரும்பாலும் சொரசொரப்பான தடித்த சிவப்புக் கலமாகவே இருக்கும். உள்ளே வைக்கப்பட்ட சிறு கலங்களே இந்த இரு நிறத்துடன் மெல்லியனவாகவும் வழுவழுப்பாகவும் வனையப்பட்டன.

இத்தகைய தாழிகள் நிறைந்த ஈமக்காட்டை மன்னார் எல்லைக்குத் தெற்கே, வில்பத்துக் காட்டோரத்தில் உள்ள பொன்பரப்பியில் 1924ஆம் ஆண்டிலேயே அகழ்ந்திருக்கிறார்கள். 1950களிலும் 1970இலும் அங்கு மீண்டும் ஆய்வு நடந்தது. தாழிகளுக்குள் எலும்புகளுடன் கருஞ்சிவப்புக் கலங்களும் மணிகளும் வெண்கலத்தாலான மைதீட்டும் கோல்களும் கிடைத்தன. தமிழகத்தில் தாமிரபரணிக் கரையின் ஆதிச்சநல்லூர்த் தாழிகளோடு இவற்றுக்குள்ள ஒற்றுமை, மன்னார்க் கடலின் இரு கரைகளும் எவ்வளவு அணுக்கமாக இருந்தன என்பதைக் காட்டுகிறது.

சிறு கலங்களில் இறந்தவருக்கு உணவு படைத்திருப்பார்கள் என்பதே என் கருத்து. ஆகவே கிண்ணத்தை எடுத்துக் கழுவிவிடாதீர்கள். உள்ளே ஒட்டியுள்ள மண்ணே அதில் என்ன இருந்தது என்பதற்கான சான்று.

மறுமொழி 2: மாந்தைத்துறை

கண்ணாடி பற்றி மட்டும் எழுதுகிறேன். வானவில் நிறத்தை வைத்துக் காலத்தை முடிவு செய்யாதீர்கள். ஈரமண்ணில் கிடக்கும் கண்ணாடியின் மேற்பரப்பிலிருந்து காரப்பொருள் சிறிது சிறிதாகக் கரைந்து வெளியேற, மெல்லிய படலங்கள் உருவாகி அந்நிறங்களைக் காட்டுகின்றன. ஒல்லாந்தர் காலத்துச் சதுரப் புட்டியிலும், ஏன், நம் தாத்தா காலத்துச் சாதாரணப் போத்தலிலும்கூட இதனைக் காணலாம். உங்கள் துண்டு தாழிக்குள் இருந்ததா, மேல்மண்ணில் இருந்ததா என்பதே முதலில் தெரியவேண்டியது.

கண்ணாடியை ஊதிக் கலமாக்கும் நுட்பம் கி.மு. 1ஆம் நூற்றாண்டில் மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரையில்தான் தோன்றியது. அதற்கு முன், குச்சியின் முனையில் களிமண் உருவைச் செய்து அதன்மேல் உருகிய கண்ணாடியைச் சுற்றி ஒவ்வொரு குப்பியாக உருவாக்கினார்கள். எகிப்தில் அது அரண்மனைக்குரிய பொருளாக இருந்தது. ஊதும் நுட்பம் வந்தபின் கண்ணாடி மலிவாகி, நறுமண எண்ணெய் நிறைந்த குப்பிகளை உரோமர்கள் எளியவர்களின் குழிகளிலும் வைத்தார்கள். சிதையின் வெப்பத்தில் உருகி வளைந்த குப்பிகளும் கிடைத்துள்ளன. உறவினரின் கண்ணீரைச் சேர்த்த குப்பிகள் என்று முன்பு நம்பப்பட்டவை இவையே. அவற்றில் இருந்தது எண்ணெயும் நறுமணப் பொருள்களுமே என்பதுதான் இன்று ஏற்கப்படும் கருத்து. கி.பி. 1ஆம், 2ஆம் நூற்றாண்டுகளில் எரித்த எலும்புகளை மூடியுள்ள பெரிய கண்ணாடிச் சாடிகளிலேயே இட்டுப் புதைத்த வழக்கமும் அவர்களிடம் இருந்தது.

நமது தாழிகளுள் பெரும்பாலானவை அந்த நுட்பம் பரவுவதற்கு முந்தியவை. பின்னர் கண்ணாடித் தொழில் புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டிலும், மன்னாருக்கு அருகே பழைய துறைமுகமாயிருந்த நமது மாந்தையிலும் செழித்தபோதும், கைவினைஞர்கள் பெரிதும் செய்தவை மணிகளே. எனவே தாழிக்குள் தேடவேண்டியது குப்பியை அன்று, கடுகளவு சிறிய மணிகளை. தேடுபவர் நீங்களாக இருக்கவேண்டாம். சலித்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் வரட்டும்.

மறுமொழி 3: முல்லைமணல்

ஆசிரியர் ஐயா பொறுத்தருள வேண்டும். எல்லாச் சிறு கலமும் உணவுக்கலம் என்று கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை. பொன்பரப்பியில் ஒரே தாழிக்குள் ஒருவருக்கு மேற்பட்டோரின் எலும்புகள் கிடைத்துள்ளன. அவ்வெலும்புகள் வேறோரிடத்தில் தசை நீங்கிய பின் பொறுக்கிச் சேர்க்கப்பட்டவை. அப்படியானால், இறந்தவர் பயன்படுத்திய கலமும் அவருடனே போயிருக்கலாம் அல்லவா?

இதனை உங்கள் அம்மாவிடமும் சொல்லுங்கள். காடாத்தி எலும்பும் சாம்பலும் முட்டியில் எடுத்துக் கடலில் கரைக்கிறோமே, அதைப் போன்றதொரு பரிவான செயலே அதுவும். உறவினரின் கைகள் முன்னரே ஒருமுறை அந்த எலும்புகளை எடுத்து அடுக்கியிருக்கின்றன. கணவனை இழந்த பெண்ணொருத்தி, தானும் உடன் அடங்கும்படி தாழியை அகலமாக வனையுமாறு குயவரை வேண்டும் புறநானூற்றின் 256ஆம் பாடல் என் நினைவிலிருந்து நீங்குவதேயில்லை.

நடைமுறையில், 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டத்தின்படி இத்தகைய பொருளை வைத்திருக்கவோ விற்கவோ இயலாது. காணி பறிபோய்விடுமோ என்ற அச்சம் எங்கள் ஊர்களில் உண்டு என்பதை அறிவேன். அதனால் உறுதிப்பத்திரத்தின் படியைக் கையில் வைத்துக்கொண்டு, அளவுகோலுடன் படம் எடுத்து, கிராம அலுவலரிடம் எழுத்தில் அறிவியுங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வரலாற்றுத் துறைக்கும் ஒரு படி அனுப்புங்கள்.

கேட்டவரின் பதில்: பாலியாற்றங்கரை

மூவருக்கும் நன்றி. அப்பாவிடம் மீண்டும் விசாரித்தேன். 2008இல் இடம்பெயருமுன் அவ்விடத்துக்கு மிக அருகிலேயே பங்கர் வெட்டியிருக்கிறார். கண்ணாடித் துண்டு, துருப்பிடித்த மீன் ரின்னுடன் மேல் இரண்டடி மண்ணில் கிடந்ததாகக் கிணறு வெட்டியவரும் சொல்கிறார். ஆகவே அது பங்கர் மண்ணோடு வந்ததே. கிண்ணத்தைத் தொடவில்லை. படங்களுடன் கடிதத்தை இன்று காலை கையளித்துவிட்டேன். தாழியின்மேல் பனையோலை பரப்பி மண் மூடியிருக்கிறோம். அவர்கள் வந்து பார்த்து இடம் காட்டும்வரை கிணற்று வேலையைத் தொடங்குவதில்லை என்று அம்மாவே சொல்லிவிட்டார்.