ஸ்டோர்ஸில் பிழை நடந்தால் யாரும் வாய் திறப்பதில்லை, எங்கிருந்து தொடங்கலாம்?

களஞ்சியப்பொறுப்பு:
கொழும்பு புறக்கோட்டையில மொத்த வியாபாரம். கவுண்டர், ஸ்டோர்ஸ், டெலிவரி எல்லாம் சேர்த்து 26 பேர். தமிழ், சிங்களம், முஸ்லிம் எண்டு கலந்த ஆக்கள். மேற்பார்வை இப்ப என்ர பொறுப்பு. பிழையான சாமான் லொறியில ஏறினதைக் கண்டாலும் ஒருத்தரும் சொல்லமாட்டினம். கண்டியில இருந்து கடைக்காரர் கோல் எடுத்தாத்தான் விஷயம் தெரியவரும். குறையிற சரக்கின்ர காசை மாசக் கடைசியில ஸ்டோர்ஸ் ஆக்கள் எல்லாற்ற சம்பளத்திலயும் பிரிச்சுக் கழிக்கிறது இஞ்ச பழைய வழக்கம். புதுசா வாற பெடியள் மூண்டு மாசம் தாண்டுறேல்ல. முதலாளி பெந்தோட்டைக்கு ஒரு ட்ரிப்பும் எல்லாருக்கும் டீ-சேர்ட்டும் குடுத்தா ஒற்றுமை வரும் எண்டு நினைக்கிறார். அனுபவமுள்ள ஆக்கள் எதை முதல்ல செய்யச் சொல்லுவியள்?

கணக்கப்பிள்ளை:
ட்ரிப்பைக் கொஞ்சம் ஒத்திவையுங்கள். முதலில் சம்பளச் சிட்டையைப் பாருங்கள். மொத்தம், கழிவு, கையில் என்று மூன்றே வரி இருக்கிற சிட்டையை வாங்குகிறவர் முதலாளியின் வேறெந்தப் பேச்சையும் நம்பமாட்டார்.

50,000 ரூபா சம்பளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு (EPF, ஓய்வுகாலச் சேமிப்பு) ஊழியரிடம் 8 வீதம், 4,000. முதலாளி 12 வீதம், 6,000. ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு (ETF) 3 வீதம், 1,500. இது முழுவதும் முதலாளியின் செலவு, சம்பளத்தில் கை வைக்க முடியாது. இந்த மூன்றும் சிட்டையில் தனித்தனியாக வரவேண்டும். சேமலாப நிதியை அடுத்த மாதக் கடைசி வேலைநாளுக்கு முன் கட்டிவிட்டு, கட்டிய பற்றுச்சீட்டின் பிரதியை நோட்டீஸ் போர்ட்டில் குத்திவிடுங்கள். ஓவர்டைமுக்கு மணித்தியாலத்தையும் ஒன்றரை மடங்கு விகிதத்தையும் எழுதுங்கள், தொகையை மட்டும் போடாதீர்கள். பெயர் அடையாள அட்டையில் உள்ள எழுத்துப்படியே பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். நம்மவர்களின் முதலெழுத்தும் தகப்பன் பெயரும் இடம் மாறிப் பதிவாகி, பிறகு பணம் எடுக்கும்போது இழுபடுவது சாதாரணம்.

எல்லார் தலையிலும் பிரித்துக் கழிக்கும் வழக்கத்தை உடனே நிறுத்துங்கள். எதைக் கழிக்கலாம் என்பதற்குச் சட்டத்தில் வரையறை உண்டு. நாரஹேன்பிட்டி தொழில் திணைக்களத்தில் கேட்டால் சொல்வார்கள். சட்டத்தை விடுங்கள், பிழையைக் கண்டவன் வாயை மூடிக்கொள்வதற்கு இதுவே காரணம். அவன் சொன்னால் கூட நிற்கிற எட்டுப் பேரின் காசும் போகிறது.

லொறிக்கணக்கு:
கணக்கப்பிள்ளை அண்ணன் சொன்னதுக்கு மேல ஒண்ணு. கழிவை நிறுத்துனா மட்டும் ஆளுங்க பேசிட மாட்டாங்க. மொத தடவ ஒருத்தர் வந்து "அண்ணே, மாறிப் போச்சு"ன்னு சொல்றப்ப நீங்க என்ன கேக்குறீங்கங்கிறதுதான் விஷயம். "யார் ஏத்துனது?"ன்னு கேட்டீங்கன்னா அதோட சரி. "எந்த எடத்துல மாறிச்சு?"ன்னு கேளுங்க. ராக்கையில எடுக்கும்போதா, பில்லோட ஒப்பிடும்போதா, லொறியில அடுக்கும்போதா? பெரும்பாலும் காரணம் சின்னதா இருக்கும்: 12 துண்டுப் பெட்டியும் 24 துண்டுப் பெட்டியும் ஒரே நிறம், பக்கத்துப் பக்கத்து தட்டு. ரெண்டையும் பிரிச்சு வச்சு, தட்டு விளிம்புல கையளவு பெரிய எழுத்துல எண்ணிக்கைய ஒட்டுங்க. எடுக்கிறவரும் சரிபார்க்கிறவரும் வேற வேற ஆளா இருக்கணும்.

ஒரு கொப்பி போடுங்க. தேதி, பில் நம்பர், எந்த எடத்துல பிடிபட்டது, என்ன மாத்துனோம். ஆள் பேரு வேணாம். பிடிச்சுக் குடுத்தவர் விரும்புனா அவர் பேர மட்டும் எழுதலாம். களவு வேற விஷயம், அதுக்குத் தனி விசாரணை. இந்தக் கொப்பியில கலந்தீங்கன்னா அப்புறம் யாரும் தொடமாட்டாங்க.

முதலாளிக்கு இப்பவே சொல்லி வைங்க: ஆரம்பத்துல கொப்பியில பிழை கூடும். ஹார்வர்ட் ஆய்வாளர் அமி எட்மண்ட்சன் 1990கள்ல அமெரிக்க ஆஸ்பத்திரிகள்ல மருந்து குடுக்கிறதுல வர்ற பிழைங்கள ஆராய்ஞ்சப்ப, நல்லா நடத்தப்பட்ட குழுக்கள்லதான் பிழை அதிகமாப் பதிவாகியிருந்துச்சு. அங்க பயமில்லாம சொன்னாங்க, அவ்வளவுதான். இத முன்னாடியே சொல்லலைன்னா ரெண்டாவது வாரமே "கொப்பி போட்டு பிழை கூடிருச்சு"ன்னு மூடிடுவாரு.

வெள்ளவத்தைவாசி:
ட்ரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. பெந்தோட்டையில் பியர்ப் போத்தல் திறக்கும் ட்ரிப் என்றால் ஸ்டோர்ஸில் பாதிப் பேர் பஸ்ஸிலேயே ஒதுங்கிவிடுவார்கள். சாப்பாடு ஹலாலா, மரக்கறிக்குத் தனி அகப்பையா என்று முன்கூட்டியே கேளுங்கள். டீ-சேர்ட் வீண்செலவு என்பது என் எண்ணம்.

அதைவிட விடுமுறைப் பட்டியலை எடுங்கள். தைப்பொங்கல் வர்த்தக விடுமுறையில், அதாவது தனியார் கடை, கம்பனிகளுக்கான விடுமுறையில், உண்டு. தீபாவளி, மகா சிவராத்திரி, ரமழான் பெருநாள், பெரிய வெள்ளி இவை பொது விடுமுறையும் வங்கி விடுமுறையும்தான், வர்த்தக விடுமுறை இல்லை. ஆகவே உங்கள் ஆட்கள் தீபாவளிக்குச் சொந்த லீவு போட்டு, அதற்கும் கெஞ்சுகிறார்கள். ஜனவரியிலேயே யாருக்கு எந்த நாள் வேண்டும் என்று எழுதி வாங்கி, மற்ற சமூகத்தவர் அன்றைக்கு நிற்கும்படி மாற்று அட்டவணை போடுங்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை நேரத்தில் முஸ்லிம் சாரதிக்கு லோட் கொடுக்காதீர்கள்.

காலைக் கூட்டம் பத்து நிமிடம் போதும், ஆனால் இரண்டு மொழியிலும். சிங்களத்தில் எல்லாம் பேசி முடித்துவிட்டு "பிறகு தம்பி சொல்லுவார்" என்றால், தமிழர்கள் சும்மா நிற்கிறவர்களாகிவிடுவார்கள். கேள்வி கேட்கும் நேரமும் போய்விடும். வாட்ஸ்அப் குழுவிலும் அப்படியே, இரண்டு குரல்பதிவும் ஒரே நேரத்தில்.

புதுப் பெடியனுக்கு முதல் இரண்டு வாரம் ஒருவரைப் பொறுப்பாக விடுங்கள். முதலாளியின் சொந்தக்காரர் வேண்டாம். அவரிடம் எதையும் கேட்கப் பயப்படுவான். சாப்பாட்டுப் பொதியை எங்கே வைப்பது, கழிவறைத் திறப்பு யாரிடம், லீவுக்கு யாரிடம் சொல்வது என்பதெல்லாம் முதல் நாள் பத்து மணிக்குள் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

களஞ்சியப்பொறுப்பு:
நன்றி. கழிவை நிறுத்தினா நட்டம் ஆர் பாக்கிறது எண்டு முதலாளி கேப்பார். என்ன சொல்ல?

கணக்கப்பிள்ளை:
ஒரு மாதக் கணக்கைக் காட்டுங்கள். ஒரு பக்கம் கழித்து எடுத்த தொகை. மறு பக்கம் பிழையால் திரும்பி வந்த ஒவ்வொரு லோட்டுக்கும் லொறிக் கூலி, டீசல், சாரதியின் ஓவர்டைம், மூன்று மாதத்தில் போனவனின் இடத்துக்குப் புதியவனைப் பழக்கிய நாட்களின் சம்பளம். கண்டிக்கு ஒரு தடவை போய் வருகிற செலவை மட்டும் முதலில் போடுங்கள், மற்றதை அவரே கேட்பார். உடனே நிரந்தரமாக நிறுத்தச் சொல்லாமல் மூன்று மாதத்துக்கு நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.