கீழ்ப்பாலத்து மழைநீரில் நின்ற பழைய ஸ்போர்ட்ஸ் கார்: இன்ஜினை மாற்றுவதா, காரையே விட்டுவிடுவதா? (பெங்களூரு)

கூரைதிறப்பான் (திங்கள், இரவு 11:40)

அனைவருக்கும் வணக்கம். அண்மையில் பெய்த மழையில் பாணத்தூர் ரயில்வே கீழ்ப்பாலத்தைக் கடக்கும்போது என் கார் நடுத்தண்ணீரில் நின்றுவிட்டது. இழுவை வண்டியில் ஏற்றி ஒயிட்ஃபீல்டு பக்கத்தில் உள்ள ஒரு பணிமனையில் விட்டேன். இன்ஜின் போய்விட்டது, புதிதாகத்தான் மாற்ற வேண்டும் என்று சொல்லி, பதினொன்றரை லட்சம் ரூபாய்க்கு மதிப்பீடு தந்திருக்கிறார்கள். காரை விற்றாலே அவ்வளவு கிடைக்குமா என்று தெரியவில்லை. பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்கிறார் என் மனைவி. எனக்கு மனம் வரவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் நான் பதில் சொல்லாவிட்டால் நாள் கணக்கில் நிறுத்துக் கட்டணம் வாங்குவார்களாம். மாற்றலாமா, வேண்டாமா என்று அனுபவம் உள்ளவர்கள் விரைவாகச் சொல்லுங்கள்.

இந்திராநகர் கலா (திங்கள், இரவு 11:58)

என்ன கார், எந்த ஆண்டு, எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்ற மூன்றையும் நீங்கள் எழுதவே இல்லை. தண்ணீரில் நின்றபின் சாவியைத் திருகி மீண்டும் கிளப்பிப் பார்த்தீர்களா என்பதையும் சொல்லுங்கள்; பாதி விடை அதில் இருக்கிறது.

மாரத்தஹள்ளி சேகர் (செவ்வாய், காலை 6:15)

என் காரும் இப்படித்தான் தண்ணீரில் நின்றது. இன்ஜின் இறுகிவிட்டது என்றுதான் எனக்கும் சொன்னார்கள். கடைசியில் பார்த்தால் ஸ்டார்ட்டர் மோட்டாருக்குள் சேறு புகுந்திருந்தது. நாலாயிரம் ரூபாயில் வேலை முடிந்தது. முதலில் ஸ்டார்ட்டரைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

பழைய பாகன் (செவ்வாய், காலை 7:02)

மழைக்காலம் வந்தால் இந்தக் கேள்வியும் வந்துவிடுகிறது. கேட்பவர்கள் முந்தைய இழைகளைப் படிப்பதும் இல்லை, காரின் பெயரைச் சொல்வதும் இல்லை. "இன்ஜின் போய்விட்டது" என்பது வயிறு சரியில்லை என்று மருத்துவரிடம் சொல்வதைப் போன்றது. பணிமனையில் எதைக் கழற்றினார்கள், எதை அளந்தார்கள், எதைக் கண்டார்கள் என்று எழுதுங்கள். ஒன்றையும் கழற்றாமலே பதினொன்றரை லட்சம் என்று எழுதிக் கொடுத்திருந்தால், அதற்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டிய கட்டாயமே இல்லை.

கூரைதிறப்பான் (செவ்வாய், பிற்பகல் 1:20)

மன்னிக்கவும், அவசரத்தில் எழுதிவிட்டேன். மெர்சிடிஸ் எஸ்.எல்.கே. 200 கொம்ப்ரெஸர், 2009 ஆம் ஆண்டு வண்டி. 82,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. நான் இரண்டாவது உரிமையாளர். தண்ணீரில் நின்றபின் இரண்டு முறை கிளப்பிப் பார்த்தேன். இரண்டாம் முறை டொக்கென்று ஒரு சத்தம் கேட்டது; அதன்பின் சுழலவே இல்லை. பணிமனையில் எதையும் கழற்றியதாகத் தெரியவில்லை. கார் அங்கே போய் இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது. முழுக் காப்பீடு இருக்கிறது. காப்பீட்டு மதிப்பு ஒன்பது லட்சம்.

பழைய பாகன் (செவ்வாய், பிற்பகல் 2:05)

இரண்டாம் முறை சாவியைத் திருகியதுதான் உங்கள் செலவின் முதல் தவணை. காற்றை அழுத்தினால் சுருங்கும்; தண்ணீர் சுருங்காது. உறிஞ்சு குழாய் வழியாகச் சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்துவிட்டால், மேலே ஏறும் பிஸ்டன் அதில் முட்டி நிற்கும். சுழலும் கிராங்கின் (இன்ஜினின் முதன்மைத் தண்டு) விசைக்கு வேறு போக்கிடம் இல்லாததால், அதைப் பிஸ்டனோடு இணைக்கும் கனெக்டிங் ராடு வளையும். இன்ஜின் சுழன்ற வேகம் குறைவாக இருந்திருந்தால் வளைவும் சிறிதாக இருக்கலாம். வேகமாக ஓடியிருந்தால் ராடு முறிந்து, இன்ஜினின் உடலான பிளாக்கையே துளைத்திருக்கும். இவற்றில் எது நடந்தது என்று தெரியாமல் மாற்றலாமா என்று கேட்பதில் பொருள் இல்லை.

ஒன்பது நாள் தண்ணீரோடு நிற்க விட்டது அதைவிடப் பெரிய தவறு. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கும் சிலிண்டர் சுவரும் துருப்பிடிக்க அவ்வளவு நாள் தேவையே இல்லை. நாளைக்கே நேரில் போய், நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றச் சொல்லுங்கள்; ஆயில் அளவுகோலை இழுத்து, ஆயில் பால் கலந்ததைப் போல் வெளுத்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு முன்பக்கக் கப்பியின் போல்ட்டில் ஸ்பேனரை மாட்டிக் கையால் மெதுவாகச் சுற்றச் சொல்லுங்கள். ஸ்டார்ட்டரைத் தொடவே கூடாது. முழுச் சுற்று சுற்றினால் பிளக் துளை வழியாக ஒரு மெல்லிய கம்பியை இறக்கி, ஒவ்வொரு பிஸ்டனும் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றும் நான்கும் சேர்ந்து ஏறும், இரண்டும் மூன்றும் சேர்ந்து ஏறும். ஜோடியில் ஒன்று ஒரு மில்லிமீட்டர் குறைந்தாலும் அந்த ராடு வளைந்திருக்கிறது என்று பொருள். துளை வழியே கேமராவை விட்டுச் சுவரில் துருவோ கீறலோ இருக்கிறதா என்றும் பாருங்கள். இவை அனைத்தும் ஒரு மணி நேர வேலை.

கணக்கர் (செவ்வாய், மாலை 4:30)

காப்பீட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். வழக்கமான முழுக் காப்பீட்டில் விளைவுச் சேதம் என்ற ஒன்று விலக்கப்பட்டிருக்கும். தண்ணீர் புகுந்தபின் நீங்களே கிளப்பியதால் ராடு வளைந்தது என்று ஆய்வாளர் எழுதினால், பணம் வராது. இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவு எடுத்திருந்தால் நிலைமை வேறு. ஆனால் இவ்வளவு பழைய வண்டிக்கு அதைப் பெரும்பாலும் கொடுப்பதில்லை. ஆவணத்தின் இரண்டாம் பக்கத்தைப் பாருங்கள்.

இன்னொன்றும் உண்டு. பழுதுச் செலவு காப்பீட்டு மதிப்பில் 75 விழுக்காட்டைத் தாண்டினால் வண்டியை முழு இழப்பாகக் கருதுவார்கள். உங்கள் ஒன்பது லட்சத்துக்கு அந்த எல்லை ஆறேமுக்கால் லட்சம். பணிமனையின் மதிப்பீடோ பதினொன்றரை லட்சம். கோரிக்கை ஏற்கப்பட்டாலும் காரை அவர்களிடம் ஒப்படைக்கும் நிலை வரலாம். மனைவியின் விருப்பம் அந்த வழியாக நிறைவேறிவிடும்.

மாயாபுரி வாசி (செவ்வாய், இரவு 9:10)

தில்லியிலிருந்து எழுதுகிறேன். புது இன்ஜின் என்ற பேச்சை விடுங்கள். உங்கள் காரில் இருப்பது எம்271 வகை, 1796 சி.சி., சூப்பர்சார்ஜர் (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் கருவி) வைத்தது. அதே காலத்தின் சி200 கொம்ப்ரெஸரிலும் அந்த வகைதான் இருந்தது. சி200 நம் நாட்டில் நிறைய விற்ற வண்டி. 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகள் தலைநகர்ப் பகுதியில் ஓடக் கூடாது என்ற உத்தரவை 2018 இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தபின், நல்ல ஓட்டத்தில் இருந்த கார்கள்கூட உடைத்துப் பாகங்களாக விற்கும் சந்தைக்கு வந்தன. என் நண்பர் ஒருவர் ஓடிய இன்ஜினை இரண்டேகால் லட்சத்துக்கு வாங்கினார். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பின்னால் வந்த சி.ஜி.ஐ. கார்களில் டர்போவும் நேரடி எரிபொருள் தெளிப்பும் இருக்கும். எம்271 என்ற எண் ஒன்றுதான் என்று அதைத் தலையில் கட்டிவிடுவார்கள்.

பீன்யா லேத்துக்காரர் (செவ்வாய், இரவு 10:25)

வேறொருவர் எப்படி ஓட்டினார் என்றே தெரியாத இன்ஜினை 2,000 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து லாரியில் வரவழைக்கும்படி சொல்கிறீர்கள். பிளாக் முழுதாக இருந்தால், தன் சொந்த இன்ஜினைச் சரிசெய்வதே முறை. இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டையும் ஆயில் தொட்டியையும் கழற்றி, வளைந்த ராடை மாற்றி, ரிங்கும் பேரிங்கும் புதிதாகப் போட்டு, கிராங்க் நேராக இருக்கிறதா என்று பார்த்தால் முடிந்தது. பழைய ராடு போல்ட்டுகளைத் திரும்பப் போடக் கூடாது. திறந்த கையோடு, வால்வுகளை இயக்கும் டைமிங் செயினையும் அதன் பற்சக்கரங்களையும் மாற்றிவிட வேண்டும். இந்த வகையில் செயின் நாளடைவில் நீளும் என்பது கைவேலை செய்தவர்களுக்குத் தெரியும்.

மாயாபுரி வாசி (செவ்வாய், இரவு 10:50)

ஐயா, அந்த வேலையைத் தூசி இல்லாமல், போல்ட்டுகளை உரிய அளவுக்கு முறுக்கிச் செய்யும் கைகள் எத்தனை இருக்கின்றன? திறந்த இன்ஜின் மூன்று மாதம் மேசையில் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். உடைப்புச் சந்தை இன்ஜினை ஓட விட்டுக் காட்டச் சொல்லி, சிலிண்டர்களின் அழுத்தத்தை அளந்து வாங்கலாமே.

பீன்யா லேத்துக்காரர் (செவ்வாய், இரவு 11:15)

ஓட விட்டுக் காட்டுபவர் ஆயிலில் எதைக் கலந்தார் என்பதையும் காட்டுவாரா? தவிர, சொந்த எண் மாறாத இன்ஜின் இருக்கும் ஸ்போர்ட்ஸ் காருக்குத்தான் பிற்காலத்தில் மதிப்பு.

மாயாபுரி வாசி (செவ்வாய், இரவு 11:31)

எஸ்.எல்.கே. 200 என்ன மைசூர் மகாராஜாவின் ரோல்ஸ் ராய்ஸா? அதை வாங்குபவர் கூரை திறக்கிறதா என்று பார்ப்பார். இன்ஜின் எண்ணைப் பார்க்க மாட்டார்.

இந்திராநகர் கலா (புதன், காலை 8:40)

இருவரும் சற்றுப் பொறுங்கள். வாங்குபவர் பார்க்காவிட்டாலும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் எண்ணைப் பார்க்கும். இன்ஜினை மாற்றினால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவின்படி 14 நாளுக்குள் தெரிவித்துப் பதிவுச் சான்றில் புதிய எண்ணை ஏற்ற வேண்டும். அதற்கு விற்றவரின் ரசீதும், அந்த இன்ஜின் எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதற்கான தாளும் இருப்பது நல்லது. திருட்டு வண்டியின் இன்ஜின் என்று பின்னால் தெரிந்தால் கார் காவல் நிலையத்தில் நிற்கும்.

கூரைதிறப்பான் அவர்களே, 15 ஆண்டு முடிந்தபோது பதிவைப் புதுப்பித்தீர்களா? முழுதாக இறக்குமதியான காருக்கு அந்தக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 40,000 ரூபாய். புதுப்பித்திருந்தால் ஐந்து ஆண்டு வரை ஓட்டலாம். அதில் மிச்சம் எத்தனை ஆண்டு என்று பார்த்துக்கொண்டு செலவைத் தீர்மானியுங்கள். புதுப்பிக்கவில்லை என்றால் இந்த விவாதமே வீண். 20 ஆண்டைத் தாண்டினால் அதே கட்டணம் 2025 ஆகஸ்டு முதல் 80,000 ஆகியிருக்கிறது.

என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். ராடு வளைந்து சுவர் சுத்தமாக இருந்தால் சொந்த இன்ஜின். பிளாக் உடைந்திருந்தால் ஓடிய இன்ஜின். புது இன்ஜின் எந்த நிலையிலும் வேண்டாம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கணக்கு அது.

மாரத்தஹள்ளி சேகர் (புதன், காலை 9:05)

ஸ்டார்ட்டரை இதுவரை யாரும் பார்க்கவில்லை என்பதை நினைவூட்டுகிறேன்.

பழைய பாகன் (புதன், காலை 9:30)

கலா சொன்னது சரி. சேகர் சொன்னது அவருடைய காருக்குச் சரி. இரண்டு கட்சியும் மறந்த ஒன்றைச் சேர்க்கிறேன். சூப்பர்சார்ஜரிலிருந்து இன்ஜினுக்குக் காற்று போகும் குழாய்களிலும், இடையில் உள்ள குளிர்விப்பானிலும் இன்னும் தண்ணீர் தேங்கியிருக்கலாம். அதை வடிக்காமல் எந்த இன்ஜினை வைத்துக் கிளப்பினாலும், அதுவும் அதே தண்ணீரைக் குடித்து அதே போல் நிற்கும். ஓடிய இன்ஜின் வாங்கினால் உங்கள் காரின் பழைய கணினிப் பெட்டியையே வைத்துக்கொள்ளுங்கள்; திருட்டுத் தடுப்புச் சாவி அதோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. கேட்டவர் இன்னும் படிக்கிறாரா என்பதுதான் தெரியவில்லை.

கூரைதிறப்பான் (சனி, இரவு 8:15)

படித்தேன், நன்றி. நேரில் போய்ப் பிளக்குகளைக் கழற்ற வைத்தேன். கையால் சுற்றினால் சுற்றுகிறது. மூன்றாவது பிஸ்டன் மட்டும் இரண்டாவதைவிட ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் குறைவாக ஏறுகிறது. அதன் சுவரில் இலேசான துரு இருக்கிறது, கீறல் இல்லை. பதிவு 2029 வரை இருக்கிறது. காப்பீட்டில் கூடுதல் பிரிவு இல்லை. காரை அங்கிருந்து எடுத்துவிட்டேன். வில்சன் கார்டனில் ஒருவர் சொந்த இன்ஜினையே திறந்து சரிசெய்ய ஒப்புக்கொண்டிருக்கிறார்.

பீன்யா லேத்துக்காரர் (சனி, இரவு 8:40)

மகிழ்ச்சி. ஒரு ராடை மட்டும் மாற்றினால் போதும் என்று அவர் சொன்னால் சம்மதிக்காதீர்கள். மற்ற மூன்றையும் கழற்றி அளக்கச் சொல்லுங்கள்.

பழைய பாகன் (சனி, இரவு 9:12)

இலேசான துரு என்பதை யார் சொன்னார்கள், கேமரா வைத்துப் பார்த்தா, டார்ச் அடித்துப் பார்த்தா? அந்தச் சிலிண்டரில் இன்றே கொஞ்சம் ஆயில் ஊற்றி வைத்தீர்களா?

மாரத்தஹள்ளி சேகர் (ஞாயிறு, காலை 7:30)

ஸ்டார்ட்டர் என்ன ஆயிற்று?