மறுமொழி: ‘தேர்ட் பார்ட்டி டாக்டிரின்’ – தமிழில் எப்படிச் சொல்வது?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். நாம் தொகுத்துவரும் அமெரிக்க அரசமைப்புத் தமிழ்ச் சொற்பட்டியலில், பிறரிடம் இருக்கும் நம் தகவலை அரசு வாரண்ட் இல்லாமல் பெறுவது பற்றிய ‘தேர்ட் பார்ட்டி டாக்டிரின்’ என்ற ஒரு சொல் மட்டும் முடிவாகாமல் நிற்கிறது. நேற்று வந்த இரண்டு மடல்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> ‘மூன்றாம் தரப்புக் கோட்பாடு’ என்று நேராகவே போட்டுவிடலாமே, ஐயா?

மூன்றாம் தரப்பு என்றதும் நம்மில் பலருக்கு வண்டிக் காப்பீடுதான் நினைவுக்கு வரும். அதைக்கூட விட்டுவிடலாம். முதல் தரப்பு யார், இரண்டாம் தரப்பு யார், அவர்களுக்குள் என்ன வழக்கு என்று எதையும் இந்தச் சொல் சொல்வதில்லை. புதிதாகப் படிப்பவருக்கு ஒரு பிடியும் கிடைக்காது.

விஷயம் இதுதான். அமெரிக்க அரசமைப்பில் 1791இல் நடைமுறைக்கு வந்த நான்காம் திருத்தம், மக்களின் உடல், வீடு, தாள்கள், உடைமைகள் ஆகியவற்றை அரசு முறையின்றிச் சோதனையிடக் கூடாது என்கிறது. என் மேசை இழுப்பறையில் இருக்கும் கணக்குத் தாளைப் பார்க்க வேண்டுமானால், பொதுவாகப் போலீஸ் ஒரு நீதிபதியிடம் தக்க காரணம் காட்டி வாரண்ட் வாங்க வேண்டும். அதே கணக்கு என் வங்கியில் இருந்தால்? அரசு வங்கியிடமே கேட்டு வாங்கிக்கொள்ளலாம், அதை எதிர்த்து நான்காம் திருத்தத்தை நான் துணைக்கு அழைக்க முடியாது. இதுதான் இந்தக் கோட்பாடு.

இதை நிலைநிறுத்தியவை இரண்டு வழக்குகள். முதலாவது 1976இல் வந்த மில்லர் வழக்கு. ஜார்ஜியாவில் உரிமமின்றிச் சாராயம் காய்ச்சியதாகக் குற்றம் சாட்டப்பட்டவர் ஒருவரின் காசோலைகளையும் வைப்புச் சீட்டுகளையும் வங்கிகளிடமிருந்து பெற்றார்கள். அவை வங்கியின் வணிகப் பதிவுகள், மில்லரின் சொந்தத் தாள்கள் அல்ல என்றது உச்ச நீதிமன்றம். அடுத்தது 1979இன் ஸ்மித் எதிர் மேரிலாந்து. ஒரு வீட்டிலிருந்து எந்தெந்த எண்கள் சுழற்றப்படுகின்றன என்று குறித்துக்கொள்ளும் ‘பென் ரெஜிஸ்டர்’ கருவியைத் தொலைபேசி நிறுவனம் போலீஸ் கேட்டதன் பேரில் தன் அலுவலகத்தில் பொருத்தியது. வாரண்ட் இல்லை. எண்ணைச் சுழற்றும்போதே அது நிறுவனத்துக்குத் தெரிந்துவிடுகிறது, அதனால் இது நான்காம் திருத்தம் சொல்லும் சோதனையே அல்ல என்று தீர்ப்பு வந்தது.

சரி, அடுத்த மடல்.

> நீதிமன்றமே ‘தானாக முன்வந்து’ கொடுத்ததாகச் சொல்கிறது. ஆகவே ‘தன்விருப்பப் பகிர்வுக் கோட்பாடு’ என் பரிந்துரை.

அம்மா, பொருள் விளங்கும் சொல்தான். ஆனாலும் இதை நான் முழு மனதோடு எதிர்க்கிறேன். வழக்காடப்படுவதே அந்த ‘விருப்பம்’தான். ஸ்மித் வழக்கிலேயே நீதிபதி தர்குட் மார்ஷல், பெரும்பான்மையோடு உடன்படாமல், மறுப்புத் தீர்ப்பு எழுதினார். தொலைபேசி இல்லாமல் பிழைக்க முடியாத நிலையில், கண்காணிப்பை ஏற்றுக்கொள் அல்லது தொலைபேசியையே விட்டுவிடு என்பது தெரிவே ஆகாது என்பது அவர் வாதத்தின் சாரம். காரில் ஜிபிஎஸ் கருவி பொருத்திப் போலீஸ் பின்தொடர்ந்தது பற்றிய 2012இன் ஜோன்ஸ் வழக்கில், நீதிபதி சோடோமயோர் இந்தக் கோட்பாடு எண்ணிம காலத்துக்குப் பொருந்தவில்லை, மறுபடி யோசிக்க வேண்டியிருக்கலாம் என்று தனியே எழுதினார். அப்புறம் 2013இல், அமெரிக்க உளவு அமைப்பான தேசியப் பாதுகாப்பு முகமைக்காக ஒப்பந்தத்தில் வேலை பார்த்த எட்வர்ட் ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்கள். கோடிக்கணக்கானவர்கள் யார் யாரை அழைத்தார்கள், எவ்வளவு நேரம் பேசினார்கள் என்ற பதிவுகளை அந்த முகமை மொத்தமாகத் திரட்டியதற்கு அரசு ஊன்றி நின்ற தீர்ப்பு, அதே 1979இன் ஸ்மித்தான். ஒரு வீட்டுத் தொலைபேசிக்காகச் சொன்னதை நாட்டுக்கே விரித்துவிட்டார்கள்.

2018இல் கார்பென்டர் வழக்கு. செல்பேசிக் கோபுரங்களின் பதிவிலிருந்து ஒரு மனிதர் 127 நாள்கள் எங்கெங்கே இருந்தார் என்பதை 12,898 புள்ளிகளாக அரசு எடுத்திருந்தது, வாரண்ட் இல்லாமல். செல்பேசியை இயக்கி வைப்பதைத் தவிர அவர் எதுவுமே செய்ய வேண்டியதில்லை, பதிவு தானாக விழுகிறது. இதைப் ‘பகிர்ந்தது’ என்று வழக்கமான பொருளில் சொல்ல முடியாது என்று தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் எழுதினார். 5-க்கு 4 என்ற கணக்கில், இப்படிப்பட்ட பதிவுகளுக்குப் பொதுவாக வாரண்ட் வேண்டும் என்று முடிவானது. மில்லரையும் ஸ்மித்தையும் நீதிமன்றம் தள்ளிவிடவில்லை, எல்லைதான் கட்டியது.

ஆக, ‘விருப்பம்’ என்றோ ‘பகிர்வு’ என்றோ நாம் பெயரிலேயே எழுதிவிட்டால், மார்ஷல் தோற்றார், அரசு வென்றது என்று சொற்பட்டியலே தீர்ப்பெழுதிவிடும். தமிழில் இதைப் படிக்கப்போகும் பிள்ளைக்கு அந்த வாதம் இன்னும் உயிரோடு இருக்கிறது என்பது தெரிய வேண்டும். ‘ஒப்படைப்பு’, ‘கையளிப்பு’ என்று முன்பு வந்த பரிந்துரைகளுக்கும் இதே தடைதான், அவற்றிலும் கொடுப்பவரின் சம்மதம் ஒளிந்திருக்கிறது.

எந்தப் பக்கமும் சாயாத ஒரே செய்தி, தகவல் இப்போது யார் கையில் இருக்கிறது என்பதுதான். எப்படிப் போனது என்பதை வழக்கு பார்த்துக்கொள்ளட்டும். அதனால் ‘பிறர்கைத் தகவல் கோட்பாடு’ என்று எழுதிப் பார்த்தேன். உடனே ஒரு சிக்கல்: ‘தகவல் கோட்பாடு’ என்பது கணினி, தகவல்தொடர்பு நூல்களில் கிளாட் ஷானன் என்ற கணித அறிஞர் தொடங்கிய ‘இன்ஃபர்மேஷன் தியரி’ என்ற துறைக்கு ஏற்கெனவே வழங்கும் பெயர். குறுக்கே அது வந்து நிற்கும். நடுச்சொல்லை எடுத்துவிட்டால் ‘பிறர்கைக் கோட்பாடு’. சொல்லவும் எளிது.

வாக்கியத்தில் வைத்துப் பார்ப்போம். “செல்பேசி இருப்பிடப் பதிவுகளுக்குப் பிறர்கைக் கோட்பாட்டை நீட்ட நீதிமன்றம் மறுத்தது.” உறுத்தவில்லை. ‘பிறர்கைப் பதிவு’, ‘பிறர்கைத் தரவு’ என்று கிளைச்சொற்களும் எளிதாக வருகின்றன.

‘விதி’ வேண்டுமா, ‘கோட்பாடு’ வேண்டுமா என்றும் கேட்டிருந்தார்கள். இது அரசமைப்பிலோ சட்டத்திலோ எழுதிய விதி அல்ல, தீர்ப்புகளில் வளர்ந்தது. இந்தியச் சட்டத் தமிழில் ‘அடிப்படைக் கட்டமைப்புக் கோட்பாடு’ என்று ஏற்கெனவே பழகிவிட்டோம். அதே வழியில் போகலாம்.

‘பிறர்’ மிகவும் பொதுவாக இருக்கிறது என்று ஒரு மறுப்பு வரலாம். அந்தப் பொதுமை எனக்கு வேண்டும். கார்பென்டரில் நீதிபதி கோர்சச் மறுப்பு எழுதியபோதும், பிறர் கையில் இருப்பதாலேயே உரிமை போய்விடுமா என்றுதான் கேட்டார். உணவகத்தில் காரை நிறுத்தச் சாவியைக் கொடுத்தாலும் கார் நம்முடையதுதானே என்பது அவர் காட்டிய உதாரணம். இந்தக் கேள்வியைக் கேட்கச் சொல்லிலேயே ‘பிறர் கை’ இருந்தால் நல்லதுதான். இந்திய உச்ச நீதிமன்றமும் கனரா வங்கி வழக்கில் மில்லர் தீர்ப்பை எடுத்துப் பேசி, அதன் வழியில் போகவில்லை. வங்கிக்குப் போனபின்னும் ஆவணத்தின் அந்தரங்கம் தொடரும் என்றது. நம் வழக்கறிஞர்கள் இதைத் தமிழில் வாதிடும் நாளில் இந்தச் சொல் தேவைப்படும்.

பட்டியலுக்கு நான் எழுதிய பதிவு:

பிறர்கைக் கோட்பாடு: ஒருவரைப் பற்றிய தகவல் வங்கி, தொலைபேசி நிறுவனம் போன்ற பிறரிடம் இருக்கும்போது, அதை அரசு அவர்களிடமிருந்து பெறுவதற்கு நான்காம் திருத்தப்படி வாரண்ட் தேவையில்லை என்னும் அமெரிக்க நீதிமன்றக் கோட்பாடு. 1976, 1979 தீர்ப்புகளில் உருவானது, 2018இல் வரம்புக்குள்ளானது. அரசின் அதிகாரத்தைப் பற்றியது மட்டுமே. நிறுவனங்கள் தமக்குள் தரவு விற்பதைப் பற்றியது அன்று.

அந்தக் கடைசி வாக்கியத்தைத் தயவுசெய்து வெட்டிவிடாதீர்கள். இரண்டையும் குழப்பிக்கொள்வோர் நிறையப் பேர்.

மாற்றுக் கருத்து இருந்தால் இந்த வாரத்துக்குள் எழுதுங்கள். அடுத்து எடுக்க வேண்டியது ‘ப்ராபபிள் காஸ்’. மேலே அதற்குத் ‘தக்க காரணம்’ என்று தற்காலிகமாக எழுதியிருக்கிறேன், அதற்குத் தனி இழை தொடங்கலாம்.

அன்புடன்.