புயலை நம்பி எலுமிச்சையைக் காயவிடலாமா?

நகரி – தறிவீட்டுத் தோட்டம்

வணக்கம். நகரியில் வீட்டுக்குப் பின்னால் ஐந்து சென்ட் இடத்தில் செடி வளர்க்கிறேன். பன்னிரண்டு குண்டுமல்லி, இரண்டு எலுமிச்சை, ஒரு முருங்கை, ஒரு கொத்து வாழை, மாமனார் வைத்த ஒரு பெங்களூரா மா. ஐப்பசியில் இரண்டு தூறல், கார்த்திகையில் ஒரு நாள் அரைமணி நேரம். இந்த ஆண்டு எங்களுக்குக் கிடைத்த மழை இவ்வளவுதான். 600 அடி போரில் மோட்டார் போட்டால் பத்து நிமிடம் தண்ணீர், பிறகு வெறும் காற்று. அது வீட்டுக்கே சரியாகிவிடுகிறது. பாத்திரம் கழுவிய தண்ணீரைத்தான் செடிகளுக்குச் சுமக்கிறேன்.

இன்று காலை எலுமிச்சை அடியில் கடப்பாரையால் குத்திப் பார்த்தேன். ஒரு முழம் போயும் மண் மாவாக உதிர்ந்தது. முன்பெல்லாம் வெயிலில் சுருளும் இலை இரவில் விரிந்துவிடும். இப்போது விடியற்காலையிலேயே சுருண்டு நிற்கிறது. நாற்பது காய் இருக்கும், எல்லாம் நெல்லிக்காய் அளவோடு நின்றுவிட்டன.

வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவாகியிருக்கிறது, புயலாகலாம் என்று செய்தியில் சொல்கிறார்கள். மாமியாரோ, "கர்ணனுக்கு மிஞ்சிய கொடையும் இல்லை, கார்த்திகைக்கு மிஞ்சிய மழையும் இல்லை" என்கிறார். மார்கழி பிறக்க நான்கு நாள்தான் இருக்கிறது. ஒரு லாரி தண்ணீருக்கு எங்கள் ஒரு வாரத் தறிக்கூலியில் பாதி போய்விடும். புயல் வரும் என்று நம்பிக் காத்திருக்கலாமா, கடன் வாங்கியாவது லாரிக்குச் சொல்லிவிடட்டுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பள்ளிப்பட்டு – ஆற்றங்கரை

அம்மா, உங்கள் மாமியார் சொல்வதைத் தள்ளிவிடாதீர்கள். ஆனால் மார்கழிக்கு மிக அருகில் வந்த புயல்களையும் நான் பார்த்திருக்கிறேன். 2016-இல் வர்தா டிசம்பர் 12 அன்று சென்னையில் கரை கடந்தது. 2022-இல் மாண்டஸ் டிசம்பர் 9 நள்ளிரவில் மாமல்லபுரம் அருகே வந்தது. வரவே வராது என்று சொல்ல முடியாது.

வர்தாவை நினைத்தால்தான் எனக்கு வருத்தம். அந்த ஆண்டு தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 60 சதவீதத்துக்கும் மேல் குறைவு. அந்த ஒரு புயல் எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று நானும் ஆவலோடு வாசலிலேயே நின்றேன். காய்த்துக்கொண்டிருந்த இரண்டு முருங்கையை முறித்துப் போட்டது. இறுகிக் கிடந்த தரையில் விழுந்த தண்ணீர் உள்ளே இறங்காமல் வழிந்து தெருவுக்குப் போனது. மறுநாள் மண்வெட்டி போட்டேன், நான்கு விரல்கடைக்குக் கீழே புழுதி! அடுத்த கோடையில் கிணறு வற்றிவிட்டது. கிருஷ்ணாபுரம் அணை நிரம்பித் திறந்து, கொசஸ்தலை ஆற்றில் பத்து நாளாவது தண்ணீர் ஓடினால்தான் எங்கள் கிணறு ஊறும்.

அதனால் மழை வருமா என்பதைவிட, வந்தால் உங்கள் மண் குடிக்குமா என்று பாருங்கள். இன்றே களைக்கொத்தால் மேல்மண்ணைக் கொத்திவிடுங்கள். எலுமிச்சைக்குத் தூரை ஒட்டி ஒரு சிறு வரப்பும், கிளை விரிந்த அளவுக்கு வெளியே இன்னொரு வரப்பும் போடுங்கள். இரண்டுக்கும் நடுவில்தான் தண்ணீர் நிற்க வேண்டும். தூரில் நின்றால் பட்டை அழுகிப் பிசின் வடியும். முருங்கையை ஆள் உயரத்துக்கு வெட்டிவிடுங்கள், மறுபடி துளிர்க்கும். வாழைக்கு முட்டுக் கொடுங்கள். யூரியா எதுவும் இப்போது போட வேண்டாம், கரைந்து போய்விடும்.

புத்தூர் – மல்லிப்பந்தல்

அக்கா, ஐயா சொன்னதோடு இரண்டு விஷயம். குண்டுமல்லியைக் கவாத்து செய்யும் காலம் இதுதான், கார்த்திகைக் கடைசி. தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு மேலே இருப்பதை வெட்டிவிடுங்கள். இலை குறைந்தால் செடி கேட்கும் தண்ணீரும் குறையும். பன்னிரண்டு செடிக்கு நீங்கள் சுமக்கும் குடங்கள் எலுமிச்சைக்கு மிஞ்சும்.

மாமரத்துக்கு ஒரு சொட்டும் விடாதீர்கள். அது பூவெடுக்க இந்த வறட்சியும் குளிரும் வேண்டும். உண்மையில் மாந்தோப்பு வைத்திருக்கும் என் அண்ணன் இந்தப் புயல் வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டிருக்கிறார். இப்போது நன்றாக நனைந்தால் பூவுக்குப் பதில் தளிர் தள்ளிவிடும். ஒரே வீட்டில் அவர் வேண்டாம் என்கிறார், நான் வேண்டும் என்கிறேன்.

எலுமிச்சையை மட்டும் காயவைத்துக் காத்திருக்காதீர்கள். காய்ந்து கிடந்த மரத்துக்கு ஒரே இரவில் மழை கொட்டினால் காய் வெடித்துவிடும். மரத்துக்குத் தினமும் இரண்டு குடமாவது மாலையில் ஊற்றி, மேலே வைக்கோலோ தென்னை மட்டையோ மூடுங்கள். போர் தண்ணீரின் உப்பு மண்ணில் வெள்ளையாகப் பூத்திருந்தால் அதைக் கழுவிவிட இந்த மழையைப் போல் வேறு மருந்து இல்லை.

திருத்தணி – மாடித்தோட்டம்

வரைபடத்தில் புயலின் கோடு நெல்லூருக்குப் போகிறதா, புதுச்சேரிக்குப் போகிறதா என்று பார்த்து மனம் உடைய வேண்டாம். 2024-இல் ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரை கடந்தது, ஆனால் உள்ளே வெகுதூரத்தில் இருக்கும் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. தறிக்கொட்டகைக் கூரை எவ்வளவு பெரியது?

நகரி – தறிவீட்டுத் தோட்டம்

20-க்கு 30 அடி, தகரக் கூரை. ஏன் கேட்கிறீர்கள்?

திருத்தணி – மாடித்தோட்டம்

அப்படியானால் 5 சென்டிமீட்டர் மழைக்கே 2,700 லிட்டருக்கு மேல் அதில் விழும். ஒரு சிறிய லாரித் தண்ணீர்! ஓரத்தில் பாதியாக அறுத்த பிவிசி குழாயைக் கட்டி, இருக்கிற பீப்பாய்களில் விடுங்கள். முதல் பத்து நிமிடத் தண்ணீரில் தூசியும் துருவும் வரும், அதை வெளியே விட்டுவிடுங்கள்.

நகரி – தறிவீட்டுத் தோட்டம்

எல்லோருக்கும் நன்றி. லாரிக்குச் சொல்லவில்லை. மல்லி பன்னிரண்டையும் வெட்டிவிட்டேன். வெட்டும்போது கை நடுங்கியது, கடைசிச் செடியில் அரிசி அளவில் மூன்று மொட்டு இருந்தது. அதை மாமியார் சாமி படத்துக்கு வைத்தார். எலுமிச்சைக்கு இரண்டு வரப்பும் போட்டு, நேற்றும் இன்றும் இரண்டிரண்டு குடம் ஊற்றினேன். முருங்கையை வெட்ட மட்டும் இன்னும் மனம் வரவில்லை, நாளைவரை பார்க்கிறேன்.

சாயம் வந்த நான்கு பீப்பாய்கள் கொட்டகையில் இருந்தன, அவை வேண்டாம் என்று விட்டுவிட்டேன். பக்கத்து வீட்டில் எண்ணெய் பீப்பாய் இரண்டு கேட்டு வாங்கிக் கழுவியாகிவிட்டது. மைத்துனர் ஏணியோடு வந்திருக்கிறார், குழாய் கட்டப் போகிறோம். காலையிலிருந்து வடக்கே இருந்து காற்று வீசுகிறது.