மலிவு வாக்கி டாக்கி: அட்டையில் போட்டிருக்கிற தூரம் உண்மையில் எடுக்குமா?

கூடாரக்காரன்:
குடும்பத்தோடு மலைப்பாதையில் நடப்பது, காட்டோரமாகக் கூடாரம் போடுவது, இரண்டு காரில் முன்னும் பின்னுமாகப் போவது, இதுதான் எங்கள் விடுமுறை. போகிற இடத்தில் பாதி நேரம் செல்போன் சிக்னல் இருக்காது. பிள்ளைகள் முன்னால் ஓடிவிடுவார்கள், அப்பா நின்று நின்றுதான் வருவார், நடுவில் நான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலைந்துகொண்டிருப்பேன். அதனால் மூன்று வாக்கி டாக்கி வாங்கலாம் என்று தேட ஆரம்பித்தேன், தலை சுற்றுகிறது. உள்ளங்கை அளவு செட்டில் 10 கிலோமீட்டர் என்கிறான், அதைவிடக் கொஞ்சம் பெரியதில் 50 என்கிறான். ஒரே மாடலுக்கு ஒருவர் "மலை தாண்டிக் கேட்டது" என்று எழுதியிருக்கிறார், அடுத்தவர் "தெருமுனையில் செத்துவிட்டது" என்கிறார். யாரை நம்புவது? விலை குறைந்ததையே வாங்கினால் போதுமா? அப்புறம் இந்த "38 பிரைவசி கோடு" என்பது என்ன, நாம் பேசுவது வேறு யாருக்கும் கேட்காதா?

அலைவரிசைப் பித்தன்:
ரெண்டு பேரும் உண்மையைத்தான் சொல்லியிருப்பார்கள். ஒருவர் மேட்டிலிருந்து பள்ளத்தாக்கைப் பார்த்துப் பேசியிருப்பார், இன்னொருவர் கட்டடங்களுக்கு நடுவில் நின்றிருப்பார். செட் அதேதான்.

இந்த மலிவு செட்டுகள் ஐரோப்பிய வகை என்றால் 446 மெகாஹெர்ட்ஸ், அமெரிக்க வகை என்றால் 462, 467 மெகாஹெர்ட்ஸ் பக்கம் வேலை செய்கின்றன. இந்த அலை கிட்டத்தட்ட வெளிச்சம் மாதிரி நேராகப் போகும், மேட்டைச் சுற்றி வளைந்து வராது. தட்டையான வெட்டவெளியில் இரண்டு பேர் நின்று பேசினால் பூமியின் வளைவே ஏறக்குறைய 10 கிலோமீட்டரில் குறுக்கே வந்துவிடும், அதுவும் நடுவில் ஒரு மரம்கூட இல்லை என்றால். அப்புறம் 50 கிலோமீட்டர் எங்கிருந்து வருகிறது? மலை உச்சியிலிருந்து உச்சிக்கு, அல்லது உச்சியிலிருந்து சமவெளிக்கு. அங்கே வேண்டுமானால் அந்தக் கணக்கு உண்மை.

நீங்கள் போகிற மாதிரி இடத்துக்கு நான் சொல்லும் கணக்கு: அடர்ந்த மரங்களுக்குள் ஒரு கிலோமீட்டர், பாதை திறந்திருந்தால் இரண்டு, கட்டடங்கள் நிறைந்த இடத்தில் சில நூறு மீட்டர். நடுவில் ஒரு மலைமுகடு வந்துவிட்டால் 500 மீட்டரில்கூட ஒன்றும் கேட்காமல் போகலாம். அப்போது செட்டைக் குறை சொல்லிப் பயனில்லை, பத்தடி மேலே ஏறி நின்று கூப்பிட்டுப் பாருங்கள்.

கோடு விஷயம் சுத்த வியாபாரப் பேச்சு. நீங்கள் பேசும்போது குரலோடு சேர்த்து 67 ஹெர்ட்ஸிலிருந்து 250 ஹெர்ட்ஸ் வரைக்குள் ஏதோ ஒரு மெல்லிய தொனியையும் செட் அனுப்புகிறது. அந்தத் தொனி வந்தால்தான் எதிர்முனை ஸ்பீக்கரைத் திறக்கும், அவ்வளவுதான். அடுத்தவர் பேச்சு உங்கள் காதில் விழாமல் இருக்க அது உதவும். உங்கள் பேச்சை அது மறைக்காது, அதே சேனலில் கோடு 0 (அதாவது கோடு அணைத்து) வைத்திருக்கிற எவருக்கும் நீங்கள் பேசுவது தெளிவாகக் கேட்கும். 16 சேனலை 38 கோடால் பெருக்கி 608 சேனல் என்று அட்டையில் போடுவார்கள். இருப்பது 16தான்.

கூடாரக்காரன்:
நன்றி, தெளிவாகப் புரிந்தது. அப்படியென்றால் அரை வாட் செட்டுக்குப் பதில் இரண்டு வாட், ஐந்து வாட் என்று அனுப்பும் சக்தியைக் கூட்டிக்கொண்டு போனால் முகடு பிரச்சினை தீருமா?

நெடுவழி:
தீரும். நான் ஐந்து வாட் செட்தான் வைத்திருக்கிறேன், பொம்மை மாதிரி இருக்கிற சின்ன செட்டெல்லாம் காசுக்குக் கேடு. அதே விலைக்குச் சில ஆன்லைன் கடைகளில் ஐந்து வாட் கிடைக்கும்போது ஏன் அரை வாட் வாங்க வேண்டும்?

அலைவரிசைப் பித்தன்:
@நெடுவழி, முதலில் சட்டம். ஐரோப்பாவில் 446 வகையில் அரை வாட் வரைதான் லைசென்ஸ் இல்லாமல் அனுமதி, ஆன்டெனாவையும் கழற்ற முடியாதபடிதான் இருக்க வேண்டும். அமெரிக்காவில் 2017இல் விதியை மாற்றி, குடும்ப வானொலிச் சேனல்கள் பலவற்றில் இரண்டு வாட் வரை விட்டிருக்கிறார்கள். நீங்கள் சொல்லும் ஐந்து வாட் செட்டுகளில் பெரும்பாலானவை பொழுதுபோக்காக வானொலியில் பேசுகிற அமெச்சூர் வானொலிக்காரர்களுக்கானவை, அதற்குத் தேர்வு எழுதி உரிமம் வாங்க வேண்டும். எந்த அலைவரிசையிலும் நிரல் எழுதிக்கொள்ள முடியும் என்பதால், தெரியாமல் காவல்துறையோ மீட்புக் குழுவோ பேசுகிற இடத்தில் போய் உட்கார்ந்துவிடலாம். குழந்தை கையில் கொடுக்கிற சாமான் இல்லை அது. இன்னொரு நாட்டுக்குப் போனால் அங்கே அந்த அலைவரிசைக்கு அனுமதி இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து இயற்பியல். தடையே இல்லாத வெளியில்கூட தூரத்தை இரண்டு மடங்காக்க நாலு மடங்கு வாட் வேண்டும். தரையை ஒட்டிப் பேசும்போது அதுவும் போதாது. குறுக்கே மலை இருந்தால் வாட் ஏறினாலும் பெரிதாக ஒன்றும் மாறாது, பேட்டரி சீக்கிரம் தீரும் என்பதுதான் மிச்சம். ஐந்து வாட் செட் நன்றாகக் கேட்கிறது என்றால் அதில் பாதிப் புகழ் அதன் நீள ஆன்டெனாவுக்குப் போக வேண்டும். இந்த அலைக்குக் கால் அலை நீளமே சுமார் 16 சென்டிமீட்டர். சின்ன செட்டில் கட்டைவிரல் அளவு இருப்பது உள்ளே சுருட்டி வைத்த கம்பி, அதனால் கொஞ்சம் சக்தி வீணாகத்தான் செய்யும். ஆக ஒரே வாட்டில் இரண்டு மாடல் இருந்தால் ஆன்டெனா நீளமாக இருப்பதை எடுங்கள்.

செட்டை இடுப்பில் மாட்டிக்கொண்டே பேசாதீர்கள். உடம்பு பெரும்பாலும் தண்ணீர்தானே, சிக்னலை நன்றாகவே விழுங்கும். முகத்துக்கு முன்னால் நிமிர்த்திப் பிடித்துப் பேசினால் அதே செட் அதே இடத்தில் தெளிவாகக் கேட்பதை நீங்களே பார்க்கலாம்.

இரட்டைவால்_அம்மா:
தொழில்நுட்பமெல்லாம் அண்ணன் சொல்லிவிட்டார், நான் பிள்ளைகள் பக்கத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் உண்மையான பிரச்சினை அங்கேதான். தூரம் குறைவதால் எங்களுக்குத் தொந்தரவு வந்ததே இல்லை. வந்ததெல்லாம் அழைப்பு மணியால்தான்! பொத்தானை அமுக்கினால் டிங் டாங் என்று அடிக்கும் என்று கண்டுபிடித்த நிமிடத்திலிருந்து ஓய்வே கிடையாது. அதை அணைக்க முடிகிற மாடலாகவும், கீ லாக் இருக்கிற மாடலாகவும் பாருங்கள். லாக் இல்லையென்றால் சட்டைப்பைக்குள்ளேயே சேனல் மாறிவிடும், நீங்கள் 4இல் கத்திக்கொண்டிருப்பீர்கள், அவன் 7இல் ஜாலியாக இருப்பான்.

முக்கியமான இன்னொன்று. இதில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். தோள்பை வாருக்கு அடியில் பேசும் பொத்தான் மாட்டி அழுந்திக்கொண்டால் அந்தச் சேனலே அடைத்துவிடும், மற்ற எல்லா செட்டிலும் அந்தப் பிள்ளையின் மூச்சும் பை உரசுகிற சரசரப்பும்தான் கேட்கும், அவனைக் கூப்பிட்டு "பொத்தானை விடுடா" என்று சொல்லவும் வழியில்லை. பொத்தான் உள்ளடங்கி இருக்கிற செட், அல்லது ஒரு நிமிடத்துக்கு மேல் அமுங்கியிருந்தால் தானாக நிறுத்திக்கொள்கிற செட் நல்லது. குரல் கேட்டுத் தானே இயங்குகிற வசதி இருக்கும், வெளியில் காற்றுச் சத்தத்துக்கே அது கிளம்பிவிடும், அணைத்து வையுங்கள்.

அமுக்கி, ஒரு வினாடி பொறுத்து, அப்புறம் பேசப் பழக்குங்கள். அமுக்கின உடனே பேசினால் முதல் வார்த்தை போகாது. "போகாதே" என்பது "காதே" என்றுதான் போய்ச்சேரும்.

கூடாரக்காரன்:
இதெல்லாம் எந்த விமர்சனத்திலும் இல்லை 😄 பேட்டரி எப்படி? உள்ளே பொருத்தி வருவதா, சாதாரண செல் போடுவதா? ஒருவேளை யாராவது வழி தவறிவிட்டால் இதை நம்பலாமா?

நெடுவழி:
பல நாள் வெளியில் என்றால் செல் போடுகிற மாதிரி, மாற்றிப் போட்டுக்கொண்டே இருக்கலாம். வார இறுதிக்கு மட்டும் என்றால் யூ.எஸ்.பி. சார்ஜ் போதும். வாட் விஷயத்தில் பித்தன் சொன்ன சட்டம் சரிதான், நான் உரிமம் வைத்திருக்கிறேன், அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

அலைவரிசைப் பித்தன்:
அட்டையில் "20 மணி நேரம்" என்றிருந்தால், நூற்றில் 5 பங்கு நேரம் பேச்சு, 5 பங்கு கேட்பது, மீதி 90 சும்மா இருப்பது என்கிற கணக்கில்தான் பெரும்பாலும் போட்டிருப்பார்கள். பேசும்போதுதான் பேட்டரி இறங்கும். பிள்ளைகள் கையில் இந்த விகிதம் தலைகீழ் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட வருகிற ரீசார்ஜ் செல் பெரும்பாலும் சுமார்தான், குளிரில் சாதாரண அல்கலைன் செல்லும் தொய்ந்துவிடும், லித்தியம் செல் தாங்கும். வீட்டுக்கு வந்ததும் செல்லைக் கழற்றி வையுங்கள், உள்ளேயே விட்டால் கசிந்து தகட்டை அரித்துவிடும்.

வழி தவறினால் இதை மட்டும் நம்பாதீர்கள். எதிர்முனையில் யாராவது அதே சேனலில், எட்டுகிற தூரத்தில், ஆன் செய்து வைத்திருந்தால்தான் இது பேசும். ஆள் நடமாட்டமில்லாத இடத்துக்குப் போவதாக இருந்தால் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி தனியாக வேண்டும். இது சாப்பாடு தயார், இடதுபக்கப் பாதையில் திரும்பு, தாத்தாவுக்காக நில்லுங்கள், இந்த மாதிரிப் பேச்சுக்கு.

மழை, ஆற்றோரம் என்றால் ஐ.பி.67 என்று குறியிட்டதைப் பாருங்கள், ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும். ஐ.பி.எக்ஸ்.4 என்றால் தெறிப்பு மட்டும்.

கூடாரக்காரன்:
சரி, அரை வாட், கொஞ்சம் நீள ஆன்டெனா, கீ லாக், செல் போடுகிற வகை. மூன்றும் ஒரே கம்பெனியாக இருக்க வேண்டுமா? வீட்டில் பழைய செட் ஒன்று கிடக்கிறது.

அலைவரிசைப் பித்தன்:
ஒரே நாட்டு வகையாக இருந்தால் கலந்து ஓடும். எல்லாவற்றிலும் கோடை 0 ஆக்கிவிடுங்கள், ஏனென்றால் ஒரு கம்பெனியின் கோடு 12 இன்னொன்றில் வேறு தொனியாக இருக்கலாம். சேனல் எண்ணையும் ஒருமுறை பேசிச் சரிபாருங்கள். காருக்குள்ளிருந்து பேசும்போது செட்டை மடியில் வைக்காமல் ஜன்னல் கண்ணாடி பக்கம் பிடிக்கச் சொல்லுங்கள், சுற்றிலும் தகரம் என்பதால் பாதி சிக்னல் வெளியே வராது. ஓட்டுபவர் பேச வேண்டாம், பக்கத்தில் இருப்பவர் பேசட்டும்.

இரட்டைவால்_அம்மா:
பக்கத்து சீட் யாருக்கு என்று சண்டை வரும், அதற்கும் தயாராக இருங்கள்.