நிச்சயம் முடிஞ்சாச்சு: நான் இங்கிலாந்து போறதா, அவர் மதுரை வர்றதா?

செல்லூர்_நர்ஸ்:

எல்லாருக்கும் வணக்கம். வயசு 28, பி.எஸ்சி. நர்சிங், மதுரையில தனியார் மருத்துவமனையில ஸ்டாஃப் நர்ஸ். மாப்பிள்ளை லெஸ்டர்ல பிறந்து வளர்ந்தவர், பிரிட்டிஷ் பாஸ்போர்ட். அவங்க அப்பா அம்மாவுக்கு யாழ்ப்பாணம். ஒரு கிடங்குல சூப்பர்வைசரா இருக்கார், வருஷச் சம்பளம் 25,500 பவுண்டு. எங்க வீட்டுல அம்மாவும் நானும்தான், கூடப் பொறந்தவங்க இல்ல.

அவர் சொல்றது: "முதல்ல நான் மதுரைக்கு வந்து ரெண்டு வருஷம் இருக்கேன். சரிப்படலைன்னா உன்னையும் கூட்டிக்கிட்டு லெஸ்டர் போயிடலாம்." எங்க தாய்மாமா சொல்றது: "பொண்ணுதான் போகணும், மாப்பிள்ளை வர்றது என்ன பழக்கம்?" அந்தப் பஞ்சாயத்தை நாங்க வீட்டுல பேசிக்கிறோம். சட்டம், செலவு, வேலை இந்த மூணையும் வெச்சுப் பார்த்தா யார் கிளம்புறது சரி? ஆவணியில கல்யாணம் வைக்கலாம்னு பேச்சு இருக்கு.

கோப்பு_எண்_7:

யார் போறதுங்கறதை விட, யார் முதல்ல போறதுங்கறதுதான் இங்க விஷயம். ரெண்டு திசையும் சமம்னு அவர் நினைக்கிறார். சமமே இல்ல.

பிரிட்டிஷ் குடிமகன் தன் மனைவியை அழைக்கணும்னா 2024 ஏப்ரல் 11 முதல் வருஷத்துக்கு 29,000 பவுண்டு வருமானம் காட்டணும். அதுக்கு முன்னாடி 18,600தான். ஒரே முதலாளிகிட்ட ஆறு மாசம் வேலை பார்த்திருக்கணும், ஆறு மாசச் சம்பளச் சீட்டும் வங்கிக் கணக்கும் வரிக்கு வரி ஒத்துப்போகணும். நீங்க மதுரையில வாங்குற சம்பளம் இதுல சேராது.

இப்ப அவர் மதுரைக்கு வந்து ரெண்டு வருஷம் இருந்துட்டு உங்களோட திரும்பணும்னு வைங்க. மனைவியோட சேர்ந்து திரும்புறவருக்கு விதி ரெண்டு மடங்கு கடுமை. இங்கிலாந்துல மூணு மாசத்துக்குள்ள தொடங்குற, 29,000க்குக் குறையாத வேலைக்கு உறுதிக் கடிதம் வேணும். கூடவே, வெளிநாட்டுல அவர் சம்பாதிச்சதும் அதே அளவு இருந்திருக்கணும். மதுரையில மாசம் ரெண்டே முக்கால் லட்சம் போல யார் குடுப்பா? குடுக்கலைன்னா அவர் முதல்ல தனியா திரும்பி, வேலை தேடி, ஆறு மாசச் சம்பளச் சீட்டு சேர்த்து, அப்புறம் நீங்க விண்ணப்பிச்சு, அதுக்கு 12 வாரம். முக்கால் வருஷம் ஆளுக்கொரு நாட்டுல.

ஆனா நீங்க முதல்ல போனா இந்தியா திரும்பறதுக்கு எந்தத் தடையும் இல்ல. பாஸ்போர்ட் இந்தியப் பாஸ்போர்ட்டாவே இருக்கற வரைக்கும் கதவு திறந்துதான் இருக்கு.

இன்னொண்ணு: இன்னிக்கே அவரால உங்களை அழைக்க முடியாது, 25,500தான் வருது. மிச்சத்தைச் சேமிப்பால நிரப்பலாம். கணக்கு இப்படி: குறையுற தொகையை 2.5ஆல பெருக்கி 16,000 கூட்டணும். 3,500 குறையுது, அது 8,750 ஆகும், மொத்தம் 24,750 பவுண்டு. வருமானமே இல்லைன்னா 88,500. அந்தப் பணம் ஆறு மாசம் அசையாம கணக்குல இருந்திருக்கணும். அவர் பேர்லயோ உங்க பேர்லயோ இருக்கலாம், இந்திய வங்கி வைப்புத்தொகையும் செல்லும். நகை செல்லாது, எத்தனை பவுன் இருந்தாலும். அதை விட, அவர் வார இறுதியில இன்னொரு வேலை ஆறு மாசம் பார்த்தா அதுவும் வருமானத்துல சேரும். சேமிப்பை விட இதுதான் எளிது.

மாசிவீதி_ராஜா:

கோப்பு அண்ணன் சொன்னது சரி. ஆனா இந்தியப் பக்கத்தையும் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க தங்கச்சி, ஏன்னா அங்கயும் ஒரு ரெண்டு வருஷக் கணக்கு இருக்கு.

இந்தியக் குடிமகளோட கணவருக்கு முதல்ல கிடைக்கிறது எக்ஸ் வகை நுழைவு விசா. அது தங்கறதுக்கு மட்டும்தான். வேலைக்குச் சேரணும்னா எஃப்ஆர்ஆர்ஓ (வெளிநாட்டவர் பதிவு அலுவலகம்) அனுமதி தனியா வாங்கணும். விசா 180 நாளுக்கு மேல இருந்தா வந்து 14 நாளுக்குள்ள ஆன்லைன்ல பதிவு பண்ணணும். இதை மறந்துட்டு வெளிய போகும்போது ஏர்போர்ட்ல நிக்கிறவங்க நிறைய.

ஓசிஐ அட்டை (வெளிநாட்டுப் பாஸ்போர்ட்காரர் இந்தியாவுல விசா இல்லாம தங்கறதுக்கான அட்டை) வாங்கினா இந்தத் தொல்லை எல்லாம் போயிடும். தனியார்ல பெரும்பாலான வேலை பார்க்கலாம், வருஷா வருஷம் விசா நீட்டிக்க வேண்டியதில்ல. ஓட்டுரிமை கிடையாது, அரசு வேலை கிடையாது, விவசாய நிலம் வாங்க முடியாது. மேலூர்ப் பக்கம் தோட்டம் வாங்கணும்னு அவர் ஆசைப்பட்டா அது உங்க பேர்லதான். பாகிஸ்தான், வங்கதேசப் பூர்வீகம் இருந்தாத்தான் ஓசிஐ தடை. யாழ்ப்பாணத்துக்கு அந்தத் தடை இல்ல.

ஓசிஐக்கு நிபந்தனை, கல்யாணம் பதிவாகி ரெண்டு வருஷம் தொடர்ந்து நிலைச்சிருக்கணும். கவனிங்க, அந்த ரெண்டு வருஷம் இந்தியாவுல வாழ்ந்திருக்கணும்னு சட்டம் சொல்லல. லெஸ்டர்ல இருந்துக்கிட்டே ரெண்டு வருஷம் முடிஞ்சதும் இங்கிலாந்துல விண்ணப்பிக்கலாம். ஆக, அவர் இப்ப மதுரை வந்தா அந்த ரெண்டு வருஷமும் விசாவோட மல்லுக்கட்டணும். நீங்க அங்க போயிட்டு ரெண்டு வருஷம் கழிச்சு ரெண்டு பேருமா வந்தா அவர் ஓசிஐ கையோட இறங்குவார். பிற்பாடு விவாகரத்து ஆனா அட்டை போயிடும், அதையும் தெரிஞ்சு வெச்சுக்கோங்க.

அவர் பென்ஷனையும் கேளுங்க. இங்கிலாந்து அரசு ஓய்வூதியத்துக்குக் குறைஞ்சது 10 வருஷப் பங்களிப்பு, முழுசா வாங்க 35 வருஷம். இந்தியாவுல குடியிருந்துக்கிட்டு வாங்கினா முதல்ல கிடைச்ச தொகைதான் கடைசி வரைக்கும், வருஷாந்திர உயர்வு வராது. முப்பது வயசுல யாரும் இதை யோசிக்கிறதில்ல.

செலவைக் குறைக்கணும்னா பியான்சே விசாவுல போய் அங்கயே கல்யாணம் முடிச்சுக்கலாம்.

லெஸ்டர்_தம்பி:

ராஜா அண்ணை, கடைசி வரி பிழை. நிச்சயிக்கப்பட்டவருக்கான விசா ஆறு மாதம்தான், அதில் வேலை செய்ய முடியாது. கல்யாணம் முடித்த பிறகு உள்ளிருந்தே இன்னொரு விண்ணப்பம், இன்னொரு கட்டணம். செலவு கூடுமே தவிரக் குறையாது. மதுரையில் பதிவு செய்துவிட்டு மனைவி விசாவுக்குப் போடுவதுதான் சரி.

கட்டணம் 2025 ஏப்ரல் நிலவரப்படி: விண்ணப்பம் 1,938 பவுண்டு, சுகாதாரக் கூடுதல் கட்டணம் வருடம் 1,035 வீதம் 3,105. இதற்குக் கிடைப்பது 33 மாத விசா. பிறகு 30 மாத நீட்டிப்புக்கு 1,321, அதோடு சுகாதாரக் கட்டணம் 2,587.50. ஐந்து வருடம் முடிய நிரந்தர வதிவிடத்துக்கு 3,029. ஏப்ரல் வந்தால் கட்டணம் ஏறும், விண்ணப்பிக்கும் நாளில் பாருங்கோ.

இன்னொரு எச்சரிக்கை: "ஒருக்கா வந்து ஊரைப் பார்த்திட்டுப் போ" என்று இப்போது சுற்றுலா விசாவுக்குப் போட வேண்டாம். வருங்காலக் கணவர் அங்கே இருக்கிறார் என்றால் திரும்பிப் போவீர்களா என்ற சந்தேகத்தில் மறுக்க இடம் உண்டு. மறுத்தால் அடுத்த விண்ணப்பத்தில் அதைச் சொல்லியே ஆக வேண்டும். சுற்றுலா விசாவில் வந்து உள்ளிருந்தே மனைவி விசாவுக்கு மாறவும் ஏலாது.

அவருடைய தாய் தகப்பனோடு ஒரே வீட்டில் இருக்கப் போகிறீர்கள் என்றால் வீட்டுக்காரரின் கடிதமும், அறைக்கணக்கில் நெரிசல் இல்லை என்பதற்கான விவரமும் வேண்டும்.

வார்டு_அக்கா:

எல்லாரும் அவர் சம்பளத்தையே புடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க. பொண்ணு நர்ஸ், அதை யாரும் பார்க்கலையா?

தங்கம், நீ அவரை நம்பித்தான் போகணும்னு இல்ல. ஹெல்த் அண்ட் கேர் வொர்க்கர் விசாவுல உன் சொந்த வேலையிலயே போகலாம். அதுக்கு அவரோட 29,000 தேவையே இல்ல, சுகாதாரக் கூடுதல் கட்டணமும் கிடையாது. என்எச்எஸ்ல (அங்கத்தை அரசு சுகாதாரத் துறை) பதிவுபெற்ற நர்ஸுக்கு பேண்ட் 5ங்கற சம்பளப் படிநிலையில தொடக்கச் சம்பளம் 2025-26ல 31,049 பவுண்டு. அங்க ஆறு மாசம் அந்தச் சம்பளம் வாங்கினப்புறம் மனைவி விசாவுக்கு மாறணும்னா உன் சம்பளமே வருமானக் கணக்குக்குப் போதும். இங்கிலாந்துக்குள்ள வேலை அனுமதியோட சம்பாதிச்சா விண்ணப்பதாரர் வருமானமும் சேரும். ஒரே குறை, வேலை விசாவுல இருந்த காலம் மனைவி விசாவோட அஞ்சு வருஷத்துல சேராது, புதுசா எண்ணணும். என்எச்எஸ் வெளிநாட்டு ஆளெடுப்பு முந்தி மாதிரி தாராளமா இல்லைங்கறதையும் மனசுல வெச்சுக்க. ஏஜென்ட் யாராவது பணம் கேட்டா அங்கயே எழுந்து வந்துரு.

எந்த விசாவுல போனாலும் நர்ஸா வேலை பார்க்க என்எம்சி (பிரிட்டன் நர்சிங் கவுன்சில்) பதிவு வேணும். இதை மதுரையிலயே பாதி முடிச்சிடலாம்:

ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு எழுதறப்ப "யூகேவிஐ" (பிரிட்டன் விசாவுக்குன்னு நடத்துற வகை) அகாடமிக் எழுது. சாதாரண ஐஈஎல்டிஎஸ் அகாடமிக் என்எம்சிக்குச் செல்லும், மனைவி விசாவுக்குச் செல்லாது. ரெண்டுக்கும் ஒரே பரீட்சை போதும்னா இதுதான் வழி. படிக்க, கேட்க, பேச 7, எழுத 6.5 வேணும். மனைவி விசாவுக்கு வெறும் ஏ1ங்கற அடிப்படை ஆங்கில நிலைதான், அது தானா அடங்கிடும். மதிப்பு ரெண்டு வருஷம்.

சிபிடி கம்ப்யூட்டர் தேர்வை இந்தியாவுலயே எழுதலாம், 83 பவுண்டு. தகுதி மதிப்பீடு 140. தமிழ்நாடு நர்சிங் கவுன்சில்ல இருந்து சரிபார்ப்பு என்எம்சிக்கு நேரா போகணும், இதுதான் இழுக்கும், முதல்ல இதைத் தொடங்கு. ஓஸ்கி செய்முறைத் தேர்வு மட்டும் இங்கிலாந்துலதான், 10 நிலையம், 794 பவுண்டு. பாஸ் பண்ணினதும் பதிவுக்கு 153. ஓஸ்கி முடியற வரை பேண்ட் 4 சம்பளம்தான் தருவாங்க.

நம்ம ஊர்க்காரங்க மாட்டுறது பேர்லதான். சான்றிதழ்ல இனிஷியல், பாஸ்போர்ட்ல அப்பா பேர் விரிவா சர்நேம் இடத்துல, கவுன்சில்ல வேற மாதிரி. கல்யாணமான கையோட பாஸ்போர்ட்ல புருஷன் பேரைச் சேர்த்தா மூணாவது பேர் ஒண்ணு முளைக்கும். என்எம்சி பதிவு முடியற வரை பேரைத் தொடாத.

செல்லூர்_நர்ஸ்:

எல்லாருக்கும் நன்றி. என் வேலையிலயே போகலாம்னு இவ்வளவு நாள் தோணவே இல்ல அக்கா. ரெண்டு கேள்வி. அம்மாவைப் பிற்பாடு அங்க கூட்டிக்கலாமா? ஆவணிக் கல்யாணம்னா பதிவை எப்ப தொடங்கணும்?

கோப்பு_எண்_7:

அம்மா விஷயத்துல "பிற்பாடு கூட்டிக்கலாம்"ங்கற நினைப்போட கிளம்பாதீங்க. வயசான பெற்றோருக்குன்னு ஒரு விசா இருக்கு. ஆனா குளிக்க, உடுத்த, சாப்பிட அடுத்தவர் உதவி இல்லாம முடியாதுங்கற நிலை வந்திருக்கணும், அந்தப் பராமரிப்பைப் பணம் குடுத்தாலும் இந்தியாவுல பெற முடியாதுன்னு நிரூபிக்கணும். மதுரை மாதிரி ஆஸ்பத்திரி நிறைஞ்ச ஊர்ல இருந்துக்கிட்டு ரெண்டாவதை நிரூபிக்கிறது நடக்காத காரியம். அம்மா விசிட்டர் விசாவுல வரலாம், ஒரு தடவைக்கு அதிகபட்சம் ஆறு மாசம், அவ்வளவுதான்.

அதனால அம்மாவுக்கு இப்ப என்ன வயசு, உடம்பு எப்படிங்கறதுதான் உங்க காலக்கெடு. இப்ப திடமா இருந்தா நீங்க போறதுதான் சரின்னு நான் சொல்வேன். ரெண்டு வருஷம் முடிஞ்சதும் அவர் ஓசிஐக்கு விண்ணப்பிச்சுடலாம். அஞ்சாவது வருஷம் நிரந்தர வதிவிடம் வாங்கிட்டா மறுபடி யோசிக்கலாம், ஆனா அதுக்கப்புறம் ரெண்டு வருஷத்துக்கு மேல தொடர்ந்து வெளிய இருந்தா அது காலாவதி ஆயிடும். பிரிட்டிஷ் குடியுரிமை எடுத்தா அந்தக் கவலை இல்ல, ஆனா இந்தியக் குடியுரிமை அன்னிக்கே போயிடும், நீங்களும் ஓசிஐ வாங்கணும்.

மாசிவீதி_ராஜா:

பியான்சே விசா தப்புதான், தம்பி திருத்தினதுக்கு நன்றி. அம்மா விஷயத்துல நான் கொஞ்சம் மாறுபடறேன். அவங்களுக்கு இப்பவே பக்கத்துல ஆள் வேணும்னா நீங்க கிளம்ப வேண்டாம். அவர் லெஸ்டர்லயே இருந்து சேமிக்கட்டும், பதிவாகி ரெண்டு வருஷம் முடிஞ்சதும் ஓசிஐ வாங்கிக்கிட்டு மதுரைக்கு வரட்டும். பிரிவு நீளம்தான், ஆனா அவர் விசாவுல வந்து வேலை இல்லாம வீட்டுல உட்கார்றதை விட நல்லது.

பதிவுக்கு வர்றேன். ரெண்டு பேரும் இந்துன்னா இந்து திருமணச் சட்டத்துல பதியலாம், ஆனா வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் சிறப்புத் திருமணச் சட்டம் 1954க்குப் போங்கன்னு அனுப்புற சார்பதிவாளர்கள் உண்டு. உங்க ஏரியா சார்பதிவகத்துல நேர்ல போய் முன்கூட்டியே கேளுங்க.

அந்தச் சட்டம்னா ஒரு பொறி இருக்கு. கோயில்ல தாலி கட்டிட்டு அப்புறம் 15ஆவது பிரிவுல பதியலாம்னு போனா, ரெண்டு பேருமே அந்த மாவட்டத்துல 30 நாள் குடியிருந்திருக்கணும். முன்கூட்டியே 5ஆவது பிரிவுல நோட்டீஸ் குடுத்தா ஒருத்தர் குடியிருந்தா போதும், அது நீங்கதான். நோட்டீஸ்ல ரெண்டு பேர் கையெழுத்தும் வேணும். 30 நாள் ஆட்சேபனைக்காக ஒட்டி வெப்பாங்க. மூணு மாசத்துக்குள்ள கல்யாணம் நடக்கலைன்னா நோட்டீஸ் செத்துடும், மறுபடி முதல்ல இருந்து. கையெழுத்து அன்னிக்கு மூணு சாட்சி.

அவர் ஏற்கனவே கல்யாணம் ஆகாதவர்னு சான்று கேட்பாங்க. அதுக்கு லெஸ்டர் பதிவகத்துல அவர் நோட்டீஸ் குடுத்து 28 நாள் காத்திருக்கணும். ஆனி பிறந்ததும் அவர் அதைத் தொடங்கட்டும். ஆடி முதல் வாரம் அவர் வந்து இங்க நோட்டீஸ்ல கையெழுத்துப் போட்டா ஆவணி முகூர்த்தத்துக்குச் சரியா வரும். ஆடியில எந்த மண்டபத்துலயும் கூட்டம் இல்ல, சார்பதிவகத்துலயும் கல்யாணக் கூட்டம் குறைவுதான். பதிவாளர் முன்னாடி கையெழுத்தை முகூர்த்தத்துக்கு முந்தின வேலை நாள்லயே போட்டுடுங்க, தாலி கட்டினப்புறம் போனா மறுபடி 15ஆவது பிரிவுப் பேச்சு வரும்.

லெஸ்டர்_தம்பி:

பதிவுச் சான்றிதழ் தமிழில் இருந்தால் சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பும் எடுத்து வையுங்கோ. காசநோய்ப் பரிசோதனையை பிரிட்டன் அங்கீகரித்த மையத்தில் மட்டும் செய்யலாம், சென்னையில் இருக்கிறது. நீங்கள் வேலை செய்யும் ஆஸ்பத்திரி எக்ஸ்-ரே செல்லாது. அந்தச் சான்று ஆறு மாதம்தான் செல்லும், ஆகவே கல்யாணத்துக்கு முன்னரே எடுத்து வீணாக்க வேண்டாம்.