குருவிடம் போய்ப் பாவத்தைச் சொன்ன அனுபவம் யாருக்கெல்லாம் உண்டு?

குன்னூர்வாசி:

இயேசுவே பிரதான ஆசாரியர் (நமக்காகப் பலி செலுத்தும் தலைமைக் குரு) என்றால், பாவத்தைச் சொல்ல இன்னொரு மனிதர் முன் ஏன் மண்டியிட வேண்டும் என்று மேலே கேட்டிருந்தார்கள். நான் சிஎஸ்ஐ, அதாவது புராட்டஸ்டன்ட் தென்னிந்தியத் திருச்சபை. ஆராதனையில் எல்லோரும் சேர்ந்து பாவ அறிக்கை சொல்வோம், ஐயர் (எங்கள் போதகர்) மன்னிப்புக் கூறுவார், அவ்வளவுதான். மனைவி ஆர்சி (ரோமன் கத்தோலிக்கர்), அவள் பிறந்த வீடு ஊட்டி காந்தல். அங்குள்ள சிலுவைக் கோயிலின் மே 3 குருசடித் திருவிழாவுக்குப் போயிருந்தபோது, அங்கே சாப்பிட வந்த வயதான ஃபாதரிடம் இதையொட்டியே ஒன்று கேட்டேன். ஆசாரியர்கள் நாள்தோறும் நின்றுகொண்டு பாவத்தை நீக்க முடியாத பலிகளைத் திரும்பத் திரும்பச் செலுத்தினார்கள், இவரோ ஒரே பலியைச் செலுத்திவிட்டு உட்கார்ந்தார் என்று பைபிளில் எபிரெயர் 10-ல் இருக்கிறதே, அப்புறம் உங்கள் கோயிலில் தினமும் பூசை (திருப்பலி) எதற்கு?

“உட்கார்ந்தார் என்பதைத்தான் நாங்களும் நம்புகிறோம் தம்பி” என்றார். மோசே செய்த வழிபாட்டுக் கூடாரத்தில் மேசை உண்டு, விளக்குத்தண்டு உண்டு, தூபபீடம் உண்டு, ஆசாரியன் உட்கார மட்டும் ஓர் இடம் கிடையாது, வேலை முடிந்தால்தானே உட்கார முடியும் என்றார். பூசையில் கிறிஸ்து மறுபடி சாவதில்லையாம். கல்வாரியின் அதே பலிதான் இரத்தம் சிந்தாத முறையில் பீடத்தில் ஒப்புக்கொடுக்கப்படுகிறது, 1562-ல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து சங்கம் சொன்னதும் இதுதான் என்றார். இதில் எனக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை.

ஆனால் அடுத்து அவர் சொன்னதை விட முடியவில்லை. லேவியராகமம் 16-ன்படி பிரதான ஆசாரியன் வருடத்தில் ஒரு நாள்தான் கூடாரத்தின் உள்ளறையான மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் போவான். முதலில் தன் பாவத்துக்காக ஒரு காளை, அப்புறம்தான் மக்களுக்காக ஒரு வெள்ளாட்டுக்கடா. இன்னொரு கடாவின் தலையில் கை வைத்து மக்களின் பாவங்களை அறிக்கையிட்டு அதை வனாந்தரத்துக்கு அனுப்பிவிடுவார்கள். இவ்வளவு செய்தும், மனிதனுக்கு மனிதன் செய்த குற்றத்துக்கு அந்த நாள் பரிகாரம் ஆகாது, பாதிக்கப்பட்டவனைச் சமாதானப்படுத்தினால்தான் உண்டு என்று யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா சொல்கிறது. காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்று மத்தேயு 5-ல் ஆண்டவர் சொன்னதும் அதேதான். “பலியைக் காட்டி ஆளைத் தாண்டிப் போக முடியாது தம்பி” என்றார். சிஎஸ்ஐயோ ஆர்சியோ, நாம் தாண்டித்தான் போய்க்கொண்டிருக்கிறோம். பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் வீட்டு வாசலைக் கடந்து வந்து கோயிலில் அழுது ஜெபிக்கிறவர்கள் எங்கள் சபையிலேயே இருக்கிறார்கள், எனக்கு இது பெரிய வேதனை.

கொடைமலை:

அண்ணா, அந்த ஃபாதர் சொன்னதை நான் கண்ணால் பார்த்தேன். என் சித்தப்பா மகனுக்கு மன்னவனூர் பக்கம் பூண்டுக் காடு. ஒரு வருடம் விலை விழுந்தது என்று வேலை செய்த பெண்களுக்குக் கூலியைக் குறைத்துக் கொடுத்துவிட்டான். ஆகஸ்டில் கொடைக்கானல் சலேத் மாதா கோயில் திருவிழாவுக்கு முன்னால், குருவிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனான். பரிகாரமாக நாலு ‘அருள் நிறைந்த மரியே’ ஜெபம் சொல்லச் சொல்வார்கள் என்ற நினைப்பு. சாமியாரோ, பிடித்த கூலியைத் திருப்பிக் கொடுப்பாயா என்று முதலில் கேட்டாராம். கொடுக்கிறேன் என்று சொன்ன பிறகுதான் மன்னிப்பு. அநியாயமாய் வாங்கியதை நாலு மடங்காகத் தருகிறேன் என்று இயேசுவிடம் சொன்ன வரி வசூலிப்பவன் சக்கேயுவை நினைத்துக்கொள் என்றும் சொல்லியிருக்கிறார்.

வீடு வீடாகப் போனான், துணைக்கு நானும் போனேன். எல்லோரும் வாங்கிக்கொண்டார்கள். ஒரு அக்கா மட்டும், “பணம் வந்துடுச்சு, அந்த மாசம் என் பிள்ளைக்குப் பீஸ் கட்ட முடியாம நின்னது வருமா?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். கடவுள் மன்னித்துவிட்டாரே என்று அவரிடம் போய் வாதாட முடியுமா? அவர் மன்னிப்பதும் மன்னிக்காததும் அவர் விருப்பம். கொடுக்க வேண்டியதைக் கொடுப்பது நம் கடமை.

சொன்னது வெளியே போய்விடுமோ என்று பயப்படுகிறவர்களுக்கு ஒன்று: சங்கீர்த்தன இரகசியத்தை வேண்டுமென்றே வெளியிடும் குரு திருச்சபைக்கே புறம்பாகிவிடுவார், அவ்வளவு கடுமையான சட்டம். எங்கள் வீட்டு விஷயமும் தம்பியே சொல்லித்தான் எனக்குத் தெரியும், அவன் சம்மதத்தோடுதான் இங்கே எழுதுகிறேன்.